மூலை வெட்டிய மாத்திரை அட்டை

இப்போதெல்லாம் அடுத்தவன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்காமல் யாருக்கும் பொழுது போவதில்லை. என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், செரித்ததா, காலையில் போனதா. முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் அடிக்க வருவார்கள். இப்போது இதற்குப் படிப்பு என்று பெயர்.

பெரியவர் சாப்பாட்டு மேசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மருமகள், நர்சிங் நோட்டோடு.

நாற்பது வயதில் அவளுக்கு வந்த ஆசை. எழுத்துத் தேர்வெல்லாம் தேறிவிட்டாள். நோயாளியை விசாரிக்கும் தேர்வில்தான் இரண்டு முறை கோட்டை விட்டாள். பரீட்சை அதிகாரி பக்கத்தில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். மூன்றாவது முறையும் போனால் படிப்பே போச்சு.

"நாளைக்குப் பரீட்சை மாமா. நோயாளி மாதிரி அரை மணி நேரம் உட்காருங்க." காலையிலிருந்து பின்னாலேயே திரிந்து, கடைசியில் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"கேட்டுத் தொலை."

"வலி மாத்திரை போடுறதுண்டா? வெறும் வயித்துலயா?"

"காலையில டீயோட போடுவேன்." நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது, உன் நோயாளி போடுவான்."

அவள் எழுதிக்கொண்டாள்.

குழாய் வேலைக்காரனுக்கு முழங்கால் என்ன இரும்பிலா செய்திருக்கிறது? நாற்பது வருஷம் தொட்டிக்கு அடியிலும் சாக்கடை ஓரத்திலும் மண்டி போட்ட கால். மருந்துக்கடைக்காரன் கொடுத்த மாத்திரையில்தான் நடமாட்டம். வேளைக்கு ஒன்று போதாமல் இரண்டாகி மூன்று மாதம் ஆகிறது.

"அந்த மாத்திரை வயித்துச் சவ்வை அரிச்சுடும். வயசானவங்களுக்கு வலியே தெரியாம உள்ளே புண்ணாகி ரத்தம் கசியும்." கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "மலம் எந்த நிறத்துல போகுது?"

"எல்லாருக்கும் போற நிறத்துலதான்."

பத்து நாளாகத் தார் மாதிரி கன்னங்கரேலென்று போய்க்கொண்டிருந்தது. முதல் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கழிவறை பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபியூஸ் போய்விட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

சொன்னால் ஆஸ்பத்திரி என்பார்கள். அவர் மனைவியும் ஒரே ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் போனாள்.

"தலைசுத்தல்?"

"உன் கேள்வியிலதான் சுத்துது."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவர் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். எதற்கு இத்தனை நேரம் பார்க்கிறாள் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

"இந்த வயசுல எதிர்ப்புச் சக்தியும் குறைஞ்சுடும் மாமா."

"யாருக்கு? இந்த வீட்டுல எல்லாரையும் எதிர்த்துக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன்."

அதற்கும் சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். மருந்துப் பெயர்கள் மனதில் நிற்பதற்காகத் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, அடியில் குறிப்பு எழுதுவது அவள் வழக்கம். குப்பைக்காரி மாதிரி என்று அவரே கிண்டல் செய்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு அட்டை. மூலை வெட்டியிருந்தது.

அவருக்கு எழுத்து வாசிக்க வராது, எண் மட்டும் தெரியும். ரத்த அழுத்த மாத்திரையும் முழங்கால் மாத்திரையும் ஒரே மாதிரி பளபளப்பதால், முழங்கால் அட்டையின் மூலையைத் தகரம் வெட்டும் கத்தரியால் கத்தரித்து வைப்பார். உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. தீர்ந்த அட்டைகளைச் செய்தித்தாளில் சுருட்டிக் குப்பைக்கூடையின் அடியில் புதைப்பதும் அவர்தான்.

அட்டைக்குக் கீழே நாளைய தேதியும் 9 என்ற எண்ணும் இருந்தன.

அவர் நோட்டை மூடப் போனார். அடையாளத்துக்கு வைத்திருந்த ஹால் டிக்கெட் நழுவி மேசையில் விழுந்தது. அதிலிருந்த தேதியைப் படித்தார். சுவர்க் காலண்டரைப் பார்த்தார். திரும்பவும் படித்தார்.

பரீட்சை முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

இத்தனை நேரம் ஒரு கேள்விக்கும் அவள் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சுவரெல்லாம் பூத்து உதிரும்வரை கசிவை மறைத்து வைத்திருந்துவிட்டுக் கூப்பிடுகிற வீட்டுக்காரர்களை, அந்தக் காலத்தில் அவர் திட்டாத திட்டு கிடையாது.

"பாஸா?" என்றார்.

"பாஸ்தான்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

அவள் ஹால் டிக்கெட்டை எடுத்து மறுபடியும் அந்தப் பக்கத்திலேயே செருகினாள். "நேராக் கேட்டா நீங்க சொல்ல மாட்டீங்க. போறப்போ அந்த பல்பை மாட்டிடுங்க மாமா."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறகு நேரானது. அவள் நீட்டிய கையைத் தட்டிவிட்டார். தானாகவே அடைத்துக்கொண்ட கசிவுகளை அவர் பார்த்திருக்கிறார். எத்தனை என்று கேட்டால் சொல்ல முடியாது, ஆனால் பார்த்திருக்கிறார்.

"படிச்சுட்டாளாம்," என்று முனகிக்கொண்டே நடைவழியில் போனார். "பல்பு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரியில ஒன்பது மணிக்கு எந்த டாக்டர் வந்து உட்கார்ந்திருக்கான்னு நானும் பார்க்கிறேன்."