மேசைக்கு அடியில் ஒரு தேர்வு

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருட்டு. அந்தப் பக்கம் காலை வெயில். இங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்; அங்கிருந்து பார்த்தால் அது வெறும் நிலைக்கண்ணாடி. பள்ளி உளவியலாளர்களுக்கென்று ஒரு முதுகலைப் படிப்பை நான்கு வருடம் முட்டி மோதி உருவாக்கிய துறைத்தலைவி இருட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். வெயில் பக்கத்தில், முதல் பேட்ச் மாணவி ஒருத்தி இன்றுதான் ஒரு நிஜக் குழந்தையைச் சோதிக்கிறாள். குழந்தையோ, ஐந்து மாதமாகப் பள்ளியில் யாரிடமும் வாய் திறக்காத சிறுமி. வந்ததும் வராததுமாக மேசைக்கு அடியில் புகுந்துகொண்டுவிட்டாள். மாணவி அவளைக் கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. சோதனைக்காக வைத்திருந்த சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அள்ளிக்கொண்டு தானும் உள்ளே நுழைகிறாள். இப்போது வெளியே தெரிவது அவளுடைய உள்ளங்கால்கள் மட்டும், ஒன்றில் மைக்கறை.

"குழந்தையை நாற்காலியில உட்கார வைக்கலை. ரெண்டு மார்க் போச்சு," என்கிறார் பக்கத்தில் மதிப்பெண் தாளோடு நிற்கும் பேராசிரியர். அந்த விதியை எழுதியதே துறைத்தலைவிதான்.

"கொஞ்சம் இருங்க சார்."

ஒலிபெருக்கியில் கட்டையோடு கட்டை உரசும் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. மேசை விளிம்பில் ஒரு சின்னக் கை முளைக்கிறது. தடவித் தடவி, மேலே இருந்த ஸ்டாப்வாட்சைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. டிக்.

"இப்ப நீங்க செய்ங்க. நான் டைம் பாக்கறேன்." ஐந்து மாதமாகப் பள்ளியில் யாரும் கேட்டிராத குரல், பரீட்சை வைக்கிறவரின் கண்டிப்போடு சொல்கிறது.

பேராசிரியரின் பேனா அப்படியே நிற்கிறது. "இதை எந்த செமஸ்டர் பாடத்துல வச்சோம் மேடம்?"

துறைத்தலைவி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாம வைக்கவே இல்லையே, சார்."