மீன்குஞ்சுப் பை
தண்ணீரைக் கழுவவும் இப்போது ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று முனகியபடி கிழவர் கரையில் நிற்கிறார். கைவிட்ட சுரங்கத்திலிருந்து இறங்கும் ஓடையில் துரு நிறம் போய்விட்டது. அடிக்கற்களில் மட்டும் பழைய கறை. சுத்தம் செய்யும் வேலையை நடத்தும் மகள், மீன்குஞ்சுப் பையை ஓடையில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே குளிர்ச்சிக்கு வரக் காத்திருக்கிறாள். “அப்பா, நீங்களே முடிச்ச அவுத்து விடுங்க.” “உங்கம்மா செத்ததும் இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான். அப்பவும் சுரங்கக் கம்பெனிக்காரனுங்க நல்ல தண்ணின்னுதானே சொன்னானுங்க.” “அது அவங்க சொன்னது. இது நான் சொல்றேன்ப்பா.” “நீயும் அவனுங்க தொப்பியத்தான போட்டிருக்க.” மகளே முடிச்சை அவிழ்க்கிறாள். குஞ்சுகள் பையின் வாயிலேயே தயங்குகின்றன. பிறகு ஒன்று, நிழலுக்காகப் போட்ட மரக்கட்டைக்கு அடியில் நுழைகிறது. கிழவருக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வீடு எதிர்க்கரையில்தான், கணுக்கால் தண்ணீரில் இறங்கினால் போதும். அவர் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.