வாசலில் கழற்றும் காது

குடியிருப்பில் சூடேறாத புது மின்கம்பி போட்டிருந்தார்கள். காந்தம் நெருங்கினால் அதில் மின்சாரம் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். மாடி முழுக்க இருண்டுவிடும். சாலமோனின் காது மெஷினுக்குள்ளும் ஒரு பொட்டுக் காந்தம் உண்டு. அதனால் அதை அவன் வாசலிலேயே கழற்றி வைப்பான். பேச வேண்டியதையெல்லாம் அவன் மனைவி ரெபேக்கா வெளியே படிக்கட்டில் நின்றே பேசிவிடுவாள்.

அன்று ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தவளுக்கு நிற்கவே தெம்பில்லை. நேராக உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.

"என்னாச்சு புள்ள?"

சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை.

வாசலுக்குப் போனவன் மெஷினை மாட்டிக்கொண்டே திரும்பி வந்தான். விளக்குகள் அணைந்தன. பக்கத்து வீடுகளில் திட்டத் தொடங்கினார்கள்.

இருட்டில் அவளருகே உட்கார்ந்தான்.

"அவங்க திட்டுறது நல்லாவே கேக்குது. நீ சொல்லு."