ஏசி அறைக்கு ஒரு குடை

"மாமா, எது கேட்டாலும் சம்மதம்னு அமுக்கிராதீங்க. நம்ம சங்கதி பூராம் வெளிய போயிரும்."

மாமனார் சங்கரலிங்கத்தின் புதுப் போனை நோண்டிக்கொண்டே சொன்னான் நவநீதன். திருச்சுழியில் பைப்பும் மோட்டார் சாமானும் விற்கிற கடைக்காரர் அவர். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை லீவு. அவன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன்புதான் கரண்ட் போயிருந்தது. மாமியார் சுப்பம்மாள் விசிறியைக் கொண்டுவந்து கணவரிடம் கொடுத்து, மாப்பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுகிற பழக்கம் அவருக்கு வரவில்லை.

தீபாவளிக்கு அவன் வாங்கிக் கொடுத்த பெரிய டிவி, கூடத்தில் ஒரு பூப்போட்ட போர்வைக்குள் இருந்தது. மாப்பிள்ளை வந்திருக்கும்போது அந்த வீட்டில் டிவி ஓடாது. இப்போதெல்லாம் துணி போட்டே மூடிவிடுகிறார்கள். இந்த மரியாதை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"காசு வாங்காம ஒருத்தன் இம்புட்டும் செஞ்சு தாரான்னா சும்மாவா மாமா? நீங்க எங்க போறீங்க, என்ன பாக்குறீங்கன்னு வேவு பார்த்து, அதைத்தான விக்கிறான்."

வியாபாரிக்கு வியாபாரம் சட்டென்று புரிந்தது. மாமனார் தலையாட்டினார். நவநீதனைக் கையில் பிடிக்க முடியவில்லை. மைக்கை அணைத்தான், மேப்பை அணைத்தான். கட்டின மனைவி தங்கச்செல்வியால்கூடத் தன் போனைத் திறக்க முடியாது என்று பெருமை வேறு அடித்தான். தான் சொந்தப் பெயரில் எதையும் தேடுவதில்லை, அதற்கென்றே ஊர் பேர் இல்லாத ஒரு கணக்கு வைத்திருப்பதாகச் சொன்னான்.

"ஒருத்தன் என்ன தேடுறான்னு தெரிஞ்சா, அவன் மனசுல உள்ளது அம்புட்டும் தெரிஞ்ச மாதிரி."

சொன்ன பிறகு அவனுக்கே என்னவோ செய்தது. அவன் மனசில் உள்ளது ஒன்றே ஒன்றுதான். பங்குனியில் அவன் வேலை போய்விட்டது. மதுரையில் அவன் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவன்தான் இன்னும் அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தினமும் காலையில் அருப்புக்கோட்டையில் மதுரை பஸ் ஏறுவான். காரியாபட்டியில் இறங்கி, ஒரு வேப்பமரத்தடியில் போனோடு உட்கார்ந்திருப்பான். நிழல் நகர நகர அவனும் நகருவான். பொழுது சாய்ந்ததும் ஆபீஸ் களைப்போடு வீடு திரும்புவான்.

தங்கச்செல்வி விடியலில் எழுந்து சோறு கட்டிக் கொடுப்பாள். கொஞ்ச நாளாகப் பையில் ஒரு குடையையும் வைக்கிறாள். ஏசி ரூமுக்குக் குடை எதுக்கு என்று அவன் சிரித்தால், இருக்கட்டும் என்பாள். மரத்தடியில் அவள் கட்டிய சோற்றைப் பிசையும்போதெல்லாம் அவனுக்கு வெட்கமாக இருக்கும். இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த நினைப்பையும் அங்கேயே கழற்றிவிடுவான்.

போனைத் திரும்ப வாங்கிய மாமனார், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"மாப்ள, நம்ம கடைய நெட்டுல போடணும்னு ரொம்ப நாளா ஆசை. எனக்கு அதுல ஒண்ணும் புடிபடல. நீங்க கூட இருந்து பாத்துக்கிட்டா நல்லாருக்கும்."

நவநீதனுக்குச் சுருக்கென்றது. மாமனார் கடையில் போய் உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? வீட்டோடு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிடாதா?

"கம்பெனில ஒரு நாள் லீவு கேட்டாலே மூஞ்சியத் தூக்குறாங்க மாமா. இங்க வந்து பைப்பு விக்க எனக்கு எங்க நேரம்?"

குரல் அவன் நினைத்ததைவிடத் தடித்துவிட்டது. மாமனார் முகம் வாடியது. அதுவும் சரிதான் என்று முணுமுணுத்தார்.

அப்போது கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. சற்று நேரத்தில் போர்வைக்குள்ளும் வெளிச்சம் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த டிவியைக் கரண்ட் போனபோது யாரும் அணைத்து வைக்கவில்லை. சுப்பம்மாள் அடுப்படியிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்து, டிவிக்குப் பின்னால் கையை விட்டு பிளக்கைத் தேடினார். கை பட்டதில் போர்வை நழுவிக் கீழே விழுந்தது.

திரை நிறைய வீடியோக்கள். வேலை போனால் அடுத்து என்ன? முப்பத்தைந்து வயதில் புது வேலை கிடைக்குமா? வேலை போனதை மனைவியிடம் சொல்வது எப்படி? அந்தக் கடைசி வீடியோவுக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு பாதி வரை ஓடி நின்றிருந்தது. நேற்று வேப்பமரத்தடியில் அவன் பார்க்க மாட்டாமல் நிறுத்திய இடம் அது.

நாலு பேர் பார்க்கிற டிவியில் சொந்தக் கணக்கைப் போடக் கூடாது என்று, தீபாவளியன்று அந்த ஊர் பேர் இல்லாத கணக்கைப் போட்டுக் கொடுத்தவன் அவனேதான்.

மாமனார் அணைந்து கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நவநீதனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து இன்றுதான் முதல்முறையாக சுப்பம்மாள் அவனிடம் நேராகப் பேசினார்.

"சித்திரையில தங்கம் வந்திருந்தப்ப அவதான் மொதல்ல பாத்தா மாப்ள. 'அவுக வந்தா டிவிய மூடி வச்சிருங்கம்மா, அவுகளாச் சொல்றப்பச் சொல்லட்டும்'னா. எந்த வெயில்ல உக்காந்திருக்காகளோன்னு அழுதுட்டு, போற வழியில ஒரு குடை வாங்கிட்டுப் போனா."