முதுகை விட்டு இறங்காத கிளியம்மாள்

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்துக் கொட்டகையில், வெள்ளைப் பன்றியின் முதுகில் இருபுறமும் கால்போட்டு உட்கார்ந்திருக்கிறாள் கிளியம்மாள். காய்ச்சல் வந்து அவள் பன்றிப் பண்ணையே அழிந்தபோது தப்பித்த ஒரே உயிர் அது. சினை ஊசி போடும்போது மேலே பாரம் இருந்தால்தான் அசையாமல் நிற்கும். பின்னால் கால்நடை டாக்டர் பியூலா, உறைந்த விந்தை உருக்கி நிரப்பிய குப்பியை, பன்றிக்குள் விட்ட குழாயில் செருகித் தூக்கிப் பிடித்திருக்கிறாள். "அசையாதீங்க அக்கா. உருக்கினதைத் திரும்ப உறைய வைக்க முடியாது." "பஸ்ல கெடைக்காத சீட்டு டாக்டரம்மா, உட்ருவனா?" தகரக் கூரை ஓட்டை வழியே விழும் வெயில் குப்பியில் மின்னுகிறது. வாசலில் மகன் தீனா நிற்கிறான். "எம்மா, ரெண்டு வாட்டி போட்டும் சினை புடிக்கல. கறிக்கட வண்டி வந்து நின்னுகினு கீது, ஏத்தி உட்ரலாம்." வெளியே ஹாரன் அலறுகிறது. பன்றி சிலிர்த்து முன்னங்காலைத் தூக்குகிறது. கிளியம்மாள் முழங்கால்களை இறுக்கி அதன் விலாவைத் தடவுகிறாள். "நில்லு தாயி, நில்லு." கால் மெல்லத் தரையில் ஊன்றுகிறது, காதுகள் விறைக்கின்றன. யாரும் அழுத்தாமலே குப்பியில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. "முடிஞ்சிருச்சு அக்கா, எழுந்துக்கலாம்." கிளியம்மாள் எழுந்திருக்கவில்லை. "டேய் தீனா, அந்த வண்டிய அனுப்பு. அது கெளம்பற சத்தம் கேட்டாத்தான் எறங்குவேன்."