விரலைப் பிடித்தது

அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புகளைச் சுத்தம் செய்வது என் வேலை. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போனார்கள். எனக்குப் போக ஊரில்லை. வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். ஒட்டியிருந்த கல் கரையக் கொஞ்ச நேரத்துக்கென்று அமிலத்தில் ஊறவைத்த தொடையெலும்புத் துண்டு நினைவுக்கு வர நான்கு நாளாகிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கல்லாகியிருந்ததெல்லாம் கரைந்து, நூல்போல ஒரு இரத்தக்குழாய் மட்டும் மிஞ்சியிருந்தது. கழுவி இழுத்தேன், நீண்டது. விட்டேன், சுருங்கியது. ஏழு கோடி வருஷமாகியும் மெத்தென்றுதான் இருந்தது. விரலை நீட்டினேன். கைக்குழந்தை மாதிரிச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் எங்கள் மேலதிகாரி ரெஜினா மேடம் கேட்டார். “மாசிலாமணி அண்ணே, டெல்லிக்கு அனுப்பவேண்டிய எலும்பு எங்க?”

“முழுசாக் கரைஞ்சிருச்சு மேடம்.”

“நல்லா வேலை பாக்கறீங்க. விளக்கம் எழுதிக் குடுங்க.”

இடது கையால் எழுதிக் கொடுத்தேன். வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. அது இன்னும் விடவில்லை.