டொக்டர் மணிவாசகத்தின் கேள்விகள்

"எங்கட தமிழ் டொக்டர் ஒருத்தரும் உள்ள இருக்கிறாராம். பயப்பிடாமப் போ."

கணவன் அருமைநாதன் சொன்ன அந்தத் தைரியத்தில்தான் இமெல்டா அறைக்குள் போனாள்.

கனடா, மொன்றியல் நகரின் டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மேயர் லெபெல், மொன்றியலிலிருந்து ஏழு மணித்தியாலத் தூரத்தில் காட்டு நடுவே ஒரு சின்ன ஊரைச் சேர்ந்தவர். டொக்டர் மணிவாசகம், தமிழ்நாட்டுக்காரர். அந்த ஊருக்கு மாதத்தில் இரண்டு நாள் போய் வருகிறவர். மற்ற நாட்களில் ஊருக்கு ஒரு நேர்ஸ்தான் எல்லாம். பழைய நேர்ஸ் ஓய்வு பெற்று ஐந்து மாதம். இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

இமெல்டா மன்னாரில் பதினொரு வருடம் நேர்ஸ். மொன்றியலுக்கு வந்த இந்த ஆறு வருடமும் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றுகிறாள். பிரெஞ்சு படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸும் எடுத்தாயிற்று. வேலைதான் யாரும் தரவில்லை.

"வணக்கம் டொக்டர்."

"பொன்ஜூர்," என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார் மணிவாசகம், தலை நிமிராமல்.

மேயர்தான் சிரித்த முகத்தோடு கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அவர் வாய் திறப்பதற்குள் டொக்டர் பிரெஞ்சில் ஆரம்பித்துவிட்டார்.

"பிரசவம். தலை வந்துவிட்டது, தோள் சிக்கிக்கொண்டது. வெளியே பனிப்புயல், ஆம்புலன்ஸ் வராது. என்ன செய்வாய்?"

"தாயின் முழங்கால்களை வயிற்றோடு மடக்கிப் பிடிப்பேன். அடிவயிற்றில் எலும்புக்கு மேலே ஒருவரை அழுத்தச் சொல்வேன்."

"உதவிக்கு யாரும் இல்லை."

"தாயைத் திருப்பி, கையையும் முழங்காலையும் ஊன்றி நிற்க வைப்பேன்."

"எந்தப் புத்தகத்தில் படித்தாய்?"

"பாலம் உடைந்த வருடம், டொக்டர். மன்னார்த் தீவிலிருந்து வெளியே போக எங்களுக்கும் வழி இல்லை."

அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"மரம் அறுக்கும் வாள் தொடையைக் கிழித்துவிட்டது. ரத்தம் பீறிடுகிறது."

"அழுத்திப் பிடிப்பேன். நிற்காவிட்டால் மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைப்பேன்."

நாற்பது நிமிடம். நெஞ்சுவலி, நஞ்சு குடித்தவன், வலிப்பு வந்த குழந்தை. மூச்சு விட இடம் கொடுக்கவில்லை. கோப்பி ஆறிப் போய்விட்டது.

"உன் கையில் யாராவது செத்திருக்கிறார்களா?"

இமெல்டா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"மூன்று பேர்."

"பெயர் ஞாபகம் இருக்கிறதா?"

மூன்று பெயரையும் சொன்னாள். குரல் உடையவில்லை, கண்தான் கலங்கியது.

டொக்டர் பேனாவை மூடினார். "போகலாம்."

வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்து அருமைநாதன் பதறிப்போனான்.

"என்னப்பா, சரிவரேல்லையோ?"

"தமிழ் டொக்டராம்! ஒரு சொல்லுத் தமிழில கதைக்கேல்லை அந்தாள். என்னைக் கள்ளியை விசாரிக்கிற மாதிரி விசாரிச்சு... அந்த வெள்ளைக்காரன்தான் மனுசன். சிரிச்ச முகமா இருந்தவர். வாங்கோ, போவம்."

லிப்டுக்குப் போவதற்குள் பின்னால் மேயர் ஓடி வந்தார்.

"மதாம்! பதினைந்தாம் தேதி வேலையில் சேர முடியுமா?"

இமெல்டா திரும்பிப் பார்த்தாள். "டொக்டர் சம்மதித்தாரா?"

மேயரின் முகம் சிவந்தது.

"சம்மதிக்காதவன் நான்தான், மதாம். உங்கள் விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பியவனும் நான்தான். 'ஒரு கேள்விக்குத் தடுமாறினாலும் நானே வேண்டாம் என்கிறேன், தடுமாறாவிட்டால் நீங்கள் மறுக்கக் கூடாது' என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவர் வந்து உட்கார்ந்தார். உங்களை வேண்டாமென்று சொல்ல, எனக்கு ஒரு கேள்வியைக்கூட அந்த மனிதர் மிச்சம் வைக்கவில்லை."